பாப்பா அழுதால் பயமாக இருக்கிறது

பால் கொடுக்கிற பெண்ணிடம் போய் "வலிக்குதாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "இல்லை" என்பார்கள். மீதிப் பேர் "கொஞ்சம்" என்பார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நீங்களாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எடை பார்ப்பது, ஊசி போடுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் உங்களுக்குச் செவிலியர் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பணி ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால் அவள் ஒரு கதைதான் சொல்வாள். நான் முத்துச்செல்வியைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் சுகாதார செவிலியராக இருந்த கடைசி சில வருடங்களில் திருவேற்காட்டுப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகள் மளமளவென்று எழும்பிவிட்டன. பழைய தெருக்களில் வீடு வீடாகப் போகும்போது யாராவது கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். இந்தக் குடியிருப்புகளில் வாசலிலேயே பெயர் எழுதி, எந்த வீடு என்று சொல்லி, காவலாளி போனில் கேட்டு விட்ட பிறகுதான் மேலே போக முடியும். உள்ளே இருப்பவர்கள் தேனி, கோவில்பட்டி, கரூர் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்காக வந்தவர்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பல பேருக்குத் தெரியாது.

முத்துச்செல்விக்குக் கோவில்பட்டி. கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. கணவர் பாலமுருகனுக்கும் அதே மாதிரி வேலைதான், வீட்டிலிருந்தே பார்ப்பார். முதல் பிரசவம் என்பதால் அவள் அம்மா வந்து கூட இருந்திருக்கிறார். ஆனால் ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால், குழந்தைக்குப் பதினாறாம் நாள் கும்பிட்ட கையோடு அவர் ரயிலேற வேண்டியதாகிவிட்டது. நான் முதல் தடவை போனபோது வீட்டில் முத்துச்செல்வியும் குழந்தையும், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அறைக்குள் பேசிக்கொண்டிருந்த பாலமுருகனும், பாத்திரம் தேய்க்க வரும் தேவியும் இருந்தார்கள்.

பெண் குழந்தை. நல்ல கொழுகொழுவென்று இருந்தாள். எடை ஏறியிருந்தது. ஒன்றுக்குப் போவதெல்லாம் சரியாக இருந்தது. தையல் ஆறியிருந்தது.

"பால் குடிக்கிறாளா?"

"குடிக்கா சிஸ்டர்."

"உனக்கு வலி ஏதாவது?"

"இல்ல சிஸ்டர். நல்லாருக்கேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நெற்றியில் திருநீறு, தலையை இழுத்து வாரிப் பின்னியிருந்தாள். வீடு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. குறை சொல்ல எதுவும் இல்லை. நான் இறங்கி வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது. தேவி ஓடிவந்தாள்.

"சிஸ்டரு, ஒரு நிமிஷம் நில்லு. அந்த அக்கா இன்னா சொல்லிச்சு உங்கிட்ட?"

"நல்லா இருக்கேன்னு சொல்லிச்சு. ஏன்?"

"அய்ய, அது பொய் சொல்லுது சிஸ்டரு. பாப்பா வாய வெச்சா போதும், கட்டில் கம்பியப் புடிச்சுகினு பல்லக் கடிக்கிது. கண்ணுல தண்ணி கொட்டுது. நான் இன்னாக்கான்னு கேட்டா, வெங்காயம் அரிஞ்சேன்னுது. ஊட்ல அன்னிக்கு வெங்காயமே இல்ல, இன்னிக்குக் காலைலதான் நான் வாங்கியாந்தேன்."

எனக்கு அன்று இன்னும் பார்க்க வேண்டிய வீடுகள் இருந்தன. வெயில் வேறு. ஆனால் இதைக் கேட்ட பிறகு எப்படிப் போவது? திரும்ப மேலே போனேன். கதவைத் திறந்த முத்துச்செல்வியிடம், "ஒரு டம்ளர் தண்ணி கொடும்மா. பாப்பா எப்போ பால் குடிக்கிறாளோ அப்போ பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

குழந்தை முழித்து அழுதது. அவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தை நமக்காகத் தயார்செய்து வைத்திருப்பார்கள். கால்களைப் பார்த்தேன். குழந்தை வாய் வைத்ததும் இரண்டு கால் விரல்களும் உள்ளே சுருண்டு, தரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. அவ்வளவு நேரம் சிரித்த முகத்தோடு இருந்தவள் மூச்சையே விடவில்லை.

"முத்து, இதுக்குப் பேரு நல்லாருக்கறதா?"

அவ்வளவுதான். குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

குழந்தை காம்பை மட்டும் நுனியில் பிடித்துக்கொண்டிருந்தது. புண்ணும் இருந்தது. முதுகுக்குத் தலையணை வைத்து, குழந்தையின் வயிறு இவள் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, வாய் அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கறுப்புப் பாகமும் சேர்த்து வாய்க்குள் போகும்படி வைத்துக் காட்டினேன். இது உங்களுக்கும் தெரியும். இரண்டு மூன்று தடவை செய்ததும் அவள் கால் விரல்கள் விரிந்தன. "இப்ப பரவால்ல சிஸ்டர்" என்றாள். தாய்ப்பாலையே காம்பில் தடவிக் காயவிடச் சொன்னேன். புண் ஆறினால் வலி போய்விடும் என்று நினைத்தேன். பெரும்பாலும் போய்விடும். அதுதான் நாம் தினமும் பார்ப்பது.

அவளுக்குப் போகவில்லை.

தடுப்பூசி நாளன்று அவள் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். அன்றைக்கு இருக்கும் கூட்டம் உங்களுக்குத் தெரியுமே. பெஞ்சில் இடமில்லாமல் சுவரோரமாக நின்றிருந்தாள். புண் ஆறிவிட்டது. குழந்தை சரியாகத்தான் பிடிக்கிறது. ஆனாலும் வலிக்கிறது என்றாள்.

"குடிக்கும்போது அவ்வளவு இல்ல சிஸ்டர். குடிச்சு முடிச்ச பிறகுதான். மிளகாய் அரைச்ச கையால தொட்ட மாதிரி எரியுது. அப்புறம் உள்ள ஊசியாக் குத்துது. அது நிக்கதுக்குள்ள இவ அடுத்த பாலுக்கு அழுதிடுதா."

பக்கத்தில் இருந்த பெண்கள் சும்மா இருப்பார்களா? முதல் பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்றாள் ஒருத்தி. நாங்களெல்லாம் பெறவில்லையா என்றாள் இன்னொருத்தி. வெண்ணெய் தடவு, விளக்கெண்ணெய் தடவு என்று ஆளுக்கொரு வைத்தியம். முத்துச்செல்வி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

எங்கள் மருத்துவர் வேலைக்கு வந்து அதிக நாளாகாத இளம் பெண். பொறுமையாகப் பார்த்தார். சீழ் இல்லை, கட்டி இல்லை, காய்ச்சல் இல்லை. குழந்தையின் நாக்குக்கு அடியில் விரல் விட்டுப் பார்த்தார். வாயில் வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. முத்துச்செல்வி போன பிறகு என்னிடம் சொன்னார்: "சிஸ்டர், எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா அவங்களுக்கு வலிக்குது. அதுல சந்தேகமே இல்ல. நம்ம கண்ணுக்குப் படலன்னு விட்டுடக் கூடாது. நீங்க வீட்டுல போயி பாருங்க. எப்போ வருது, எப்படி வருதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அந்த வாரமே போயிருப்பேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

ஒரு மத்தியானம், பூந்தமல்லியில் மீட்டிங் முடிந்து வெளியே வந்தபோது பாலமுருகனிடமிருந்து போன். பின்னால் குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம்.

"சிஸ்டர், முத்து உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா. கூப்பிட்டா பதில் சொல்றா, ஆனா திறக்க மாட்டேங்கிறா. பாப்பா பசியில கத்துது. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல சிஸ்டர்."

"கதவுப் பக்கத்துலயே இருங்க தம்பி. பேசிக்கிட்டே இருங்க. திறன்னு சொல்லாதீங்க, வேற எதையாவது பேசுங்க. நான் வரேன்."

மெட்ரோ வேலைக்காகத் தோண்டியிருந்த பள்ளங்களில் தண்ணீர் நின்றது. ஷேர் ஆட்டோக்காரர் ஒரு பெரிய சுற்றுச் சுற்றித்தான் போனார். வழி முழுக்க என் மனதில் என்னென்னவோ ஓடியது. நம் வேலையில் கேள்விப்பட்ட எல்லாக் கெட்ட செய்திகளும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

வீட்டுக்குள் போனபோது தேவி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை முகமெல்லாம் சிவந்து, தொண்டை கட்டிப்போய்க் கத்தியது. பாலமுருகன் படுக்கையறைக் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, கோவில்பட்டியில் மழை எப்படி என்று மாமனார் சொன்னதை மூடிய கதவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கன்னம் ஈரமாக இருந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முத்து, நான் சிஸ்டர் வந்திருக்கேன்."

மெதுவாக, "அவளை இங்க கொண்டாராதீங்க சிஸ்டர்" என்றாள்.

"கொண்டுவரல."

"பாப்பா அழுதா எனக்குப் பயமா இருக்கு சிஸ்டர். அவ வாயத் திறந்தாலே எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. ஊர்ல எல்லாரும் பிள்ளையப் பாத்தா கொஞ்சுதாங்க. நான் அவளைப் பாத்துப் பயப்படுதேன். நான்லாம் என்ன அம்மா?"

பாலமுருகன் வாயைப் பொத்திக்கொண்டார்.

இந்த இடத்தில் என்ன சொல்வீர்கள்? நம் நிலையத்துச் சுவரெல்லாம் தாய்ப்பால்தான் சிறந்தது என்று எழுதியிருக்கிறோம். அதை ஆயிரம் தடவை நானே சொல்லியிருக்கிறேன், அது உண்மையும்கூட. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவளிடம் அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொறுத்துக்கொள் என்று இன்னொரு தடவை யாராவது சொன்னால் அவள் உடைந்துபோவாள் என்று பட்டது.

"முத்து, இப்போ நீ அவளுக்குப் பால் கொடுக்க வேணாம். யாரும் உன் மடியில போட மாட்டாங்க. அது என் பொறுப்பு. கதவ மட்டும் திற."

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் ஒரு கேள்வி கேட்டேன். நீங்களும் கேளுங்கள், சுற்றி வளைக்காமல் கேளுங்கள். "உன்னையோ பாப்பாவையோ ஏதாவது பண்ணிடலாம்னு தோணுச்சா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "இல்ல சிஸ்டர். பஸ் ஏறி எங்கயாவது போயிடணும்னு தோணிச்சு. அப்புறம் அவளுக்குப் பால் யாரு கொடுப்பான்னு நினைச்சேன். அதான் கதவச் சாத்திக்கிட்டேன்."

நான் அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

வெளியே பாலமுருகன், "பால் பவுடர் வாங்கிட்டு வரவா சிஸ்டர்?" என்று கேட்டார். தப்பான கேள்வி இல்லை. வேறு வழியில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டு அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு கல் மாதிரி இருந்தது. "கையால எடுத்துப் பாக்கலாமா? வலிச்சா உடனே நிறுத்திடலாம்" என்றேன். அவள் சரி என்றாள்.

பால் இறங்கட்டும் என்று வெந்நீரில் பிழிந்த துண்டை ஒற்றிக் கொடுத்தேன். "இது சுகமா இருக்கு" என்றாள் ஆச்சரியமாக. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையால் மெதுவாக எடுத்ததில் ஒரு டம்ளரில் பாதிக்கு மேல் வந்தது. அவள் அம்மா ஊருக்குப் போகும்போது குழந்தைக்குப் பால் புகட்டும் ஒரு வெள்ளிப் பாலாடையை வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை வெந்நீரில் கொதிக்கவைத்துத் தேவி கொண்டுவந்தாள். குழந்தையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பாலாடை மூக்கை உதட்டோரம் வைத்துச் சாய்க்கப் பாலமுருகனுக்குக் காட்டிக்கொடுத்தேன். முதலில் பாதி அவர் சட்டையில்தான் போனது. பிறகு குழந்தையே நாக்கை நீட்டி நக்கிக் குடிக்க ஆரம்பித்தது. வீட்டில் சத்தம் நின்றது. எல்லோருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஐயோ, குடிக்குது பாரு! அப்பங்காரரு கைல எப்புடி சமத்தா குடிச்சுகினு கீது பாரு!" என்றாள் தேவி.

அந்த நேரம் நான் கிளம்பியிருக்கலாம். குழந்தை பசியாறிவிட்டது, தாய் அழுகையை நிறுத்திவிட்டாள். ஆனால் மருத்துவர் சொன்னது மனதில் இருந்தது. முத்துச்செல்வியோடு அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஏசியும் போட்டிருந்தார்கள். ஈரம் காயட்டும் என்று அவள் மார்பை மூடாமல் இருந்தாள். சற்று நேரத்தில் "வருது சிஸ்டர்" என்று கட்டில் விளிம்பைப் பிடித்தாள்.

பார்த்தேன். காம்பின் நிறம் போய்க்கொண்டிருந்தது. ரத்தமே இல்லாத மாதிரி வெளுத்தது, சுண்ணாம்பு தடவினாற்போல. பிறகு லேசாக நீலம் பூத்தது. பிறகு சிவந்தது. சிவக்கும்போதுதான் அவள் பல்லைக் கடித்துத் துடித்தாள். குழந்தை வாய் வைக்கவே இல்லை. குழந்தை அடுத்த அறையில் அப்பா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"முத்து, உனக்குக் குளிர் ஒத்துக்குமா?"

"ஒத்துக்காது சிஸ்டர். ஆபீஸ்ல ஏசியில விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிரும். டைப் பண்ண வராது. டீ கிளாசைக் கையிலயே வச்சுக்கிட்டு இருப்பேன். எல்லாரும் கேலி பண்ணுவாங்க."

"இந்த வலிக்கு வீட்டுல என்ன பண்ற?"

"ஐஸ் வைக்கேன் சிஸ்டர். போன்ல ஒரு வீடியோல சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் பால் கொடுத்து முடிச்ச உடனே வைக்கேன்."

வலி குறையட்டும் என்று அவள் செய்ததே வலியைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இது என்ன நோய் என்று எனக்குப் பெயர் தெரியாது. பெயரைத் தேடிக்கொண்டிருக்கவும் இல்லை. மருத்துவருக்குப் போன் போட்டு, கண்ணால் பார்த்ததை அப்படியே வரிசையாகச் சொன்னேன்: முதலில் வெள்ளை, அப்புறம் நீலம், அப்புறம் சிவப்பு, விரலும் வெளுக்குமாம், ஐஸ் வைக்கிறாள். அவர் குரலே மாறிவிட்டது.

"சிஸ்டர், அது ரத்தக் குழாய் இறுகிப்போறது. குளிர் பட்டா சிலருக்கு வரும். முதல்ல ஐஸை நிறுத்துங்க. ஏசியை அணைங்க. பால் கொடுத்து முடிச்ச உடனே காத்துப் படாம மூடி, காய்ஞ்ச சூடு கொடுங்க. நாளைக்குக் காலைல அவங்களைக் கூட்டிட்டு வாங்க, மாத்திரை தரணும். அதுக்கு முன்னாடி பிரஷர் பாக்கணும். அவங்க மனசையும் பாக்கணும். நான் தனியா உக்காந்து பேசறேன்."

தேவி தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, மடித்த பருத்தித் துணியைச் சூடாக்கி எடுத்துவந்தாள். நான் என் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு முத்துச்செல்வியிடம் கொடுத்தேன். அவள் அதை மார்பில் அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அடுத்த தடவை வெளுக்க ஆரம்பித்தபோதும் சூடு கொடுத்தோம். வலி பாதியிலேயே அடங்கிவிட்டது. அவள் கண்ணைத் திறந்து கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அப்போ இது நெசமாவே ஒரு வியாதியா சிஸ்டர்? நான் பொறுக்க மாட்டாம அழுதது இல்லையா?"

"நெசமாவே வியாதிதான்மா. இதைப் பொறுத்துக்கிட்டா இத்தனை நாள் பால் கொடுத்த?"

வியாதி என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மாத்திரையால் நல்ல முன்னேற்றம் இருந்தது, ஆனால் முதல் சில நாள் அவளுக்குத் தலைவலித்தது. ஒரு பக்கம் சீக்கிரம் சரியானது, இன்னொரு பக்கம் படுத்தியது. மழை நாட்களில் திரும்பவும் வந்தது. மருத்துவர் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார், பிறகு மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார். நான் அவளுக்குச் சொன்னது ஒன்றுதான்: எந்த நேரம் முடியவில்லையோ அந்த நேரம் பாலை எடுத்து வைத்துவிடு, பாலாடையில் அவர் கொடுக்கட்டும். அந்த அனுமதி கிடைத்த பிறகு அவள் அதை அதிகம் கேட்கவே இல்லை. பாலமுருகன்தான் கேட்டார். "சிஸ்டர், சாயங்காலப் பால் மட்டும் நானே கொடுக்கேனே" என்பார். மீட்டிங் நடுவில் காதில் ஹெட்செட்டோடு, கையில் பாலாடையோடு அவர் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

தை பிறந்து வெயில் ஏறிய பிறகு மாத்திரையை நிறுத்தினார்கள். வலி திரும்பவில்லை.

அவளைப் பார்க்கப் போகும்போது நான் அதன் பிறகும் அவளாகக் குழந்தையை எடுக்கும்வரை காத்திருப்பேன். முன்பு குழந்தை சிணுங்கினால் அவள் தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிடும். ஒரு நாள் குழந்தை சிணுங்கியது, அவள் என்னோடு பேசிக்கொண்டே கை நீட்டி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பேச்சு அறுபடவில்லை. தான் செய்ததை அவள் கவனிக்கவும் இல்லை. நான் அதை அவளிடம் சொல்லவில்லை. வெளியே வந்து படியிறங்கும்போதுதான் எனக்குக் கண் நிறைந்தது.

ஒன்பதாம் மாத அம்மைத் தடுப்பூசிக்கு அவர்கள் மூவரும் வந்தார்கள். குழந்தைக்கு நான்தான் ஊசி போட்டேன். அது என்னைப் பார்த்து உதடு பிதுக்கி, பிறகு ஓங்கி அழுதது. முத்துச்செல்வி வேகமாக வாங்கிக்கொண்டு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அழுகை அடங்கியது. நான் அடுத்த குழந்தைக்கு மருந்தை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆ!" என்று ஒரு சத்தம்.

கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு அவளிடம் ஓடினேன். முத்துச்செல்வி கண்ணில் தண்ணீர் நிற்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கடிச்சிட்டா சிஸ்டர். கீழ ரெண்டு பல்லு வந்திருக்கு."

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்கு. ஆனா இது வேற சிஸ்டர். இதுக்கு அவளைத் திட்டிக்கலாம்."

துப்பட்டாவை விலக்கிக் குழந்தையைப் பார்த்து, "ஏட்டி, பால் குடிக்க வந்தியா, என்னையத் திங்க வந்தியா?" என்று அதட்டினாள். குழந்தை வாயை எடுக்காமலேயே நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. கடைவாயில் பால் வழிந்தது.